ஒற்றைக் காது சூசையப்பர்

டொக், டொக், டொக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரே ஒரு டொக், முன்னால் போன மூன்றையும் தேடிக்கொண்டு பின்னால் வந்ததுபோல. எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மணி பத்தே முக்கால். இந்த வீட்டில் பத்து மணிக்குமேல் யாரும் எதையும் தட்டுவதில்லை. என் மாமியார் ஜெபமாலையை முடித்து, சிலுவைக்கு முத்தம் கொடுத்து, செருப்பைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளிவிடுகிற சத்தம்தான் வீட்டின் கடைசிச் சத்தம், அது எப்போதோ முடிந்துபோயிற்று. குட்டி என் இடது பக்கம் தூங்குகிறாள். ஐம்பத்தெட்டு நாள். இன்னும் பெயர் வைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் ஞானஸ்நானம். அவளுக்கு எந்தெந்த நேரம் பால் கொடுத்தேன் என்று குறித்துவைக்க ஆஸ்பத்திரி நர்ஸ் வாங்கச் சொன்ன நோட்டு இது. முன்பக்கத்தில் நேரங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வரவர இடைவெளி கூடிக்கொண்டே போகிற நேரங்கள். நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி இதை எழுதுகிறேன், எழுதாவிட்டால் தூங்கிவிடுவேன், தூங்கிவிட்டால் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். டொக், டொக். மறுபடியும். கண்ணை மூடினால் அது மரக்கட்டை. கண்ணை மூடினால் எனக்குப் பதினாலு வயசு, ஹாஸ்டலில் ஜன்னலோரப் பாயில் படுத்திருக்கிறேன், மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு சிஸ்டர் நடைவழியில் கட்டை மணியைத் தட்டிக்கொண்டு போகிறாள், ராத்திரி ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்திருங்கள் என்று. வெண்கல மணி என்றால் ஊர் விழித்துக்கொள்ளும், அதனால் கட்டை. பக்கத்துப் பாயில் ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுந்திரிச்சிட்டாங்கடி, சவப்பெட்டிய விட்டு எழுந்திரிச்சிட்டாங்க" என்பாள். அவர்கள் சவப்பெட்டியில்தான் தூங்குவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் சிரிப்பேன், சிரித்துவிட்டு, போர்வையைக் கால் விரலுக்கடியில் சொருகிக்கொள்வேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு மடங்கள் இருந்தன. வெளிமடத்து சிஸ்டர்கள் எங்களுக்குக் கணக்கும் பூகோளமும் சொல்லித்தந்தார்கள், எங்களோடு வலைப்பந்து ஆடினார்கள், பேன் பார்த்தார்கள். உள்மடத்து சிஸ்டர்கள் ஒருதரம் மதிலுக்குள் போனால் போனதுதான், செத்தாலும் உள்ளேயேதான் கல்லறை. இரண்டு மடத்துக்கும் நடுவில் கோயில். ஆசாரி வைத்திருப்பாரே மூலைமட்டம், அந்த வடிவத்தில் கட்டின கோயில். ஒரு கையில் நாங்களும் ஊர் ஜனங்களும். இன்னொரு கை அவர்களுடையது. இரண்டும் சேர்கிற மூலையில் பீடம். ஆக பூசை வைக்கிற சாமியார் மட்டும்தான் இரண்டு பக்கத்துக்கும் தெரிவார், நாங்கள் அவர்களைப் பார்க்க முடியாது, அவர்கள் எங்களைப் பார்க்க முடியாது, எல்லாரும் ஒரே அப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அவர்களுடைய பக்கத்தை அடைத்துத் தரையிலிருந்து உத்தரம்வரை இரும்புக் கிராதி, அதற்குள்ளே, உள்ளேயிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய கறுப்புத் திரை. கிராதியில் நெஞ்சுயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல், தபால்பெட்டி வாயைவிடக் கொஞ்சம் பெரிசு. நன்மை என்று அந்த அப்பத்தைக் கொடுக்கிற நேரம் அந்த ஜன்னல் திறக்கும், சாமியார் குனிவார், அவருடைய முழங்கை அசைவதிலிருந்து எத்தனை பேர் என்று நாங்கள் எண்ணுவோம். பதினேழு. சில நாள் பதினாறு. பதினாறு என்றால் யாருக்கோ காய்ச்சல். ஒரு தவக்காலம் முழுக்கப் பதினாறாகவே இருந்தது, அதற்குப் பிறகு அதுவே கணக்காகிவிட்டது. முகம் தெரியாத ஒருத்தி செத்ததை ஒரு முழங்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம், அன்றைக்கு ஜெசிந்தா கடலை உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டாள். ஆனால் பாட்டு வரும். திரைக்குள்ளிருந்து, ஏறாமல் இறங்காமல் ஒரே சுரத்தில், கிணற்றுத் தண்ணீர் விளிம்புவரை வந்து நின்று ததும்பாமல் இருப்பதுபோல. அம்மா செத்த வருஷம் நான் அந்தப் பாட்டில்தான் தூங்கினேன். விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் நானும் சமையல்கார அக்காவும் மட்டும் ஹாஸ்டலில் இருப்போம், அப்பாவுக்கு லாரி, வடக்கே எங்கேயாவது போயிருப்பார், பிறகு வேறு வீடும் வந்துவிட்டது அவருக்கு. எனக்கு வீடு என்று சொன்னால் அந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும், சுவரில்லாத வீடு.

டொக். தகரம். தகரம்தான், என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், முதல் தட்டிலேயே எனக்குத் தெரியும். பால்மாவு டப்பாவின் விளிம்பில் கரண்டியைத் தட்டுகிற சத்தம். மூன்று கரண்டி மட்டமாக எடுத்து, நாலாவதைப் பாதியாக்கி. அடுக்களையில் கார்னீலியா மைனி பாட்டில் கலக்குகிறார்கள். என் வீட்டுக்காரர் ரெஜிஸின் அக்கா. பதினொரு மணிக்கு வந்து, "தூங்குட்டி நீ, கண்ணெல்லாம் எப்படிக் கெடக்கு பாரு" என்று குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போவார்கள், விடிந்து ஆறு மணிக்குத்தான் பிள்ளை என் கைக்கு வரும். பால்மாவு வாசனையோடு வரும். பதினேழு நாளாக இப்படி. திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் குட்டி மைனியோடு சென்னைக்குப் போகிறாள். மூன்று மாசத்துக்கு என்கிறார்கள். "உன் உடம்பு தேறட்டும், ரெஜிஸ் கப்பல்லருந்து இறங்குத நேரம் நானே கூட்டியாந்து விடுதேன்" என்றார்கள். நானும் வாரேன் மைனி என்றதற்கு, "நீ வந்தா அங்கயும் தூங்க மாட்டேயே, பிள்ளைக்கு மூச்சு வருதான்னு மூக்குல வெரல வச்சிக்கிட்டே உக்காந்திருப்ப" என்றார்கள். அது உண்மை. முதல் மாசம் அப்படித்தான் இருந்தேன். ராத்திரி முழுக்க விரலை வைத்து வைத்துப் பார்ப்பேன், மூச்சு வந்தால் அது போன மூச்சா இப்போது வந்த மூச்சா என்று சந்தேகம் வரும், மறுபடியும் வைப்பேன். ஒருநாள் விடிகாலை காரணமில்லாமல் அழுதேன், மாமி வந்து பார்த்துவிட்டு எங்கள் ரெண்டு பேருக்கும் நெற்றியில் தீர்த்தம் தெளித்தார்கள். டாக்டரம்மா, தூக்கம் வேண்டும், வீட்டில் யாராவது கொஞ்சம் ஒத்தாசை செய்யுங்கள் என்று சொன்னாள். கொஞ்சம் என்று சொன்னாள். என் காதால் கேட்டேன். மைனி சென்னையிலிருந்து பெட்டியோடு வந்தார்கள், பெட்டி நிறைய அவர்களே தைத்த சின்னச் சின்னச் சட்டைகள், சிலதின் ஓரம் பழுப்பேறியிருந்தது. நாலு தடவை தரித்து நாலு தடவையும் தங்காதவர்கள். எந்தச் சட்டையை எந்தத் தடவை தைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. என் தலையில் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பிள்ளை பெத்தவ முடி கொட்டத்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிப் பின்னிவிட்டதும் அவர்கள்தான். கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

நாற்பதாம் நாள் சாயங்காலத்துக்கே திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது மனசு, ஆணியில் மாட்டின முந்தானைபோல, இழுத்தால் கிழியும். மாமி வீட்டில் ஒரு வழக்கம், வேறு எந்த வீட்டிலும் உண்டா என்று எனக்குத் தெரியாது. நாற்பதாம் நாள் சாமியார் மந்திரித்த பிறகு, பெற்றவள் பிள்ளையைப் பீடத்தின் கடைசிப் படியில் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கோயிலைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வீட்டுப் பெண் ஒருத்தி பிள்ளையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து, "இந்தா, உம் பிள்ள" என்று பெற்றவள் கையில் கொடுக்க வேண்டும். நாம் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டோம், ஆண்டவர் திருப்பித் தந்துவிட்டார், இனி ஒரு குறையும் வராது. அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கிறவரைக்கும் பெற்றவள் பிள்ளையைத் தொடக் கூடாது. நான் கிடத்தினேன். படிக் கல் குளிர்ச்சியாக இருந்திருக்கும், துணியை இன்னும் ஒரு மடிப்பு மடித்துப் போட்டிருக்கலாம் என்று நடந்துகொண்டே நினைத்தேன். திரும்பவில்லை. வாசலில் கடற்காற்று, பையன்கள் மணலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள், என் செருப்பு எது என்று தெரியவில்லை, வெறுங்காலோடு நின்று இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டேன். மைனி வந்தார்கள். குட்டி அவர்கள் தோளில், கன்னம் அமுங்கி, வாய் கொஞ்சம் திறந்து. மைனி என் முகத்தைப் பார்த்தார்கள், என் கையைப் பார்த்தார்கள், வாயைத் திறந்தார்கள், அந்த நேரம் பார்த்து கோபுரத்தில் திரிகால ஜெப மணி அடித்தது. பந்து உதைத்த பையன்கள்கூட நின்றுவிட்டார்கள். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு ஜெபம் சொன்னோம், நானும் கையைக் குவித்துச் சொன்னேன். முடிந்ததும் மைனி ஆட்டோவைப் பார்த்து நடந்தார்கள். "ஏறு, ஏறு, பனி விழுது" என்றார்கள். ஏறினேன். மடியில் வெறுங்கை இரண்டு, யாருடையதோ என்பதுபோலக் கிடந்தன. வீட்டுக்கு வந்து மாமியிடம் மெதுவாகச் சொன்னேன், மைனி இந்தா சொல்லல மாமி. மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "அது ஒரு வாய்வார்த்தைதானட்டி. பிள்ள வீட்டுக்கு வந்துட்டில்லா?" என்றார்கள். வந்துவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கே கையை நீட்டிப் பிடுங்கியிருக்கலாம் என்று ஜெசிந்தாவாக இருந்தால் சொல்வாள். என்னால் முடியாது, எனக்குப் பிடுங்கத் தெரியாது. ஏழு வருஷம் ஹாஸ்டலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கொடுக்கும்வரை காத்திருக்க. சோற்றுத் தட்டை நீட்டிக்கொண்டு நில், ரொட்டியை எட்டி எடுக்காதே, கடிதத்தை சிஸ்டர் இக்னேஷியா பிரித்துப் படித்துவிட்டுத் தருவாள், அதுவரை கேட்காதே. நன்மை வாங்கப் போனால் கண்ணை மூடு, நாக்கை நீட்டு, கையால் தொட்டுவிடாதே. கிராதிக்கு உள்ளே இருக்கிறவர்களும் அந்தச் சின்ன ஜன்னலில் வாயை வைத்துக்கொண்டு அப்படித்தானே நிற்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பரலோகத்துக்குக்கூட ஒரு வரிசை இருக்கும் என்றுதான் என் எண்ணம், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை மரத்தடியில் நிற்பேன். போன வாரம் கப்பலிலிருந்து ரெஜிஸ் பேசினார். சொல்லிவிட வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தேன். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவில், "அக்காவுக்குத் தெரியாததா மெற்றில்டா, நீ மொதல்ல தூங்கு" என்றார், பிள்ளை எம்பிள்ளைதானே என்று நான் கேட்டது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை, "என்னது? என்னது?" என்றார், கட்டாகிவிட்டது. கட்டானதில் எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது, அதை இங்கே எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் எனக்குள் ஒரு குரல், அது மாமி குரலும் இல்லை மைனி குரலும் இல்லை, அவர்கள் சொல்வது சரியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நீ தாயில்லாமல் வளர்ந்தவள், உனக்கு எப்படித் தெரியும். அந்தக் குரல் வரும்போது பால் வற்றுகிறது. நிஜமாகவே, மார்பு இறுகி, வராது. குட்டி சப்பிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.

அடுக்களையில் குழாய் ஓடுகிறது. பாட்டிலைச் சூடாற்றுகிறார்கள். குட்டியின் உச்சந்தலை துடிக்கிறது, ஒரே சீராக, பாட்டுபோல. நான் அவர்களுடைய இடத்துக்குள் ஒருதரம் போயிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, ஜெசிந்தாவைத் தவிர, பிறகு பாவசங்கீர்த்தனத்தில். சனிக்கிழமைகளில் ஹாஸ்டல் பிள்ளைகள் கோயிலைக் கூட்டித் துடைக்க வேண்டும். ஒரு பெரிய திருநாளுக்கு முன்னால் வெள்ளையடிப்பு நடந்தது, வெள்ளையடிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், கிராதியின் ஓரத்தில் ஆள் நுழைகிற கதவு ஒருச்சாய்த்துத் திறந்து கிடந்தது. திரையைக் கழற்றியிருந்தார்கள். நான் துடைத்துக்கொண்டே போனேன். தரை எங்கே எங்கள் தரை, எங்கே அவர்கள் தரை என்று ஈரத்தில் தெரியவில்லை, நிமிர்ந்தபோது உள்ளே இருந்தேன். சவப்பெட்டி இல்லை. சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் எதிரெதிரே மர இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் கைப்பிடி, முழங்கால் போடுகிற பலகை, பலகையில் இரண்டு இரண்டு குழி. கண்ணைக் கூர்ந்து பார்த்தால் குழியெல்லாம் ஒரே ஆழமில்லை. ஒரு இருக்கையில் மூக்குக் கண்ணாடி, ஒன்றில் இருமல் மருந்து, ஒன்றில் பனையோலை விசிறி, அதன் ஓரத்தைப் பழைய புடவைத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். தைலவாசனையும் வேர்வையும் மெழுகும் கலந்த வாசனை. இவ்வளவுதானா என்று இருந்தது, இவ்வளவா என்றும் இருந்தது. கடைசி இருக்கையில் ஒரு மூட்டை அசைந்தது. மூட்டை தும்மியது. வயசான சிஸ்டர். நான் வாளியைப் போட்டுவிட்டேன், தண்ணீர் அவர்கள் பாதம்வரை ஓடியது. நரகம் என்று நினைத்தேன், என்ன தண்டனை என்றுகூட எனக்குத் தெரியாது.

"ஆரு, பேயா பிள்ளயா?" என்றார்கள். பிள்ள, சிஸ்டர் என்றேன். "பேயின்னா பேசலாம். பிள்ளகூடப் பேச மதர்கிட்டக் கேக்கணும்" என்றார்கள், சொல்லிவிட்டுப் பேசினார்கள். சுண்ணாம்பு வாடைக்கு மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கிவிட்டார்கள், தனக்கு நடக்க முடியாததால் அப்படியே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். வெளியே மழையா என்று கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டை மாற்றிவிட்டார்களாமே, நிஜமா என்றார்கள். பிறகு குரலைத் தணித்து, "ஒரு உபகாரம் செய்வியா பிள்ள? அந்தா, சூசையப்பர் சுரூபம் நிக்கிதில்லா பீடத்துக்குப் பக்கத்துல. நான் முப்பத்தொரு வருசமா இங்கன இருந்து பாக்கேன். எனக்கு அவரு ஒரு காதும் ஒரு தோளுந்தான். மறு காது இருக்கா, உடைஞ்சி கிடைஞ்சி போச்சா? உங்க பக்கம் போய்ப் பாத்துச் சொல்லேன்" என்றார்கள். நான் அங்கிருந்து பார்த்தேன், ஆமாம், சிவந்த சின்னக் காது, விளிம்பில் பொன் பூச்சுத் துளி ஒன்று தவறி விழுந்து தோடு போட்டதுபோல. ஓடினேன். எங்கள் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வருஷக்கணக்காகத் தினம் பார்க்கிற சிலை. காதே இல்லை. இரண்டு பக்கமும் முடி இறங்கி மறைத்திருந்தது, முன்னாலிருந்து பார்த்தால் சூசையப்பருக்குக் காது என்பதே கிடையாது. திரும்பி வந்து கிராதிக்கு வெளியே நின்று சொன்னேன், காதே தெரியல சிஸ்டர், முடி மூடியிருக்கு, உங்க பக்கம் மட்டுந்தான் தெரியுது. சிஸ்டர் சுரூபத்தை எட்டிப் பார்த்தார்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "அப்பிடியா சங்கதி! நாங்க சொல்லுததக் கேக்கதுக்குன்னே ஒண்ணு செஞ்சி வச்சிருக்கான் பாரு அந்த ஆசாரி" என்றார்கள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து வந்தார்கள், "போ பிள்ள, இது எங்க எடம்" என்று சொல்லி, கதவை இழுத்துச் சாத்தித் தாழைப் போட்டார்கள். நான் ஜெசிந்தாவிடம் போய், தாழ் அவங்க பக்கம் இருக்குடி, நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லடி என்றேன். "போடி, அடைச்சி வச்சிருக்கவங்க வெளியதான் பூட்டுவாங்க" என்றாள், கடைசிவரை நம்பவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது சாமியார் பெருமூச்சு விட்டார். ஆறு அருள்நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார், கொடுத்துவிட்டு, "உள்ள மின்விசிறி இருக்காம்மா?" என்று கேட்டார். ஓலை விசிறிதான் ஃபாதர் என்றேன். வாங்கிக் குடுத்தேனே என்று முணுமுணுத்தார்.

அந்தச் சிரிப்பு எத்தனையோ வருஷம் எனக்குள் எங்கேயோ கிடந்தது. ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுக்கும்போது, குட்டி தலையைச் சாய்த்துச் சப்புகிற நேரம், அவள் காது மடலுக்குப் பின்னால் மடிப்புக்குள் ஒரு மச்சம் தெரியும். கடுகில் பாதி. குளிப்பாட்டும்போது தெரியாது, தோளில் போட்டால் தெரியாது, தொட்டிலில் கிடந்தால் தெரியாது. ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்கப் பார்த்துக் குறித்துக் கொடுத்த தாளில்கூட அது இல்லை. மாமிக்குத் தெரியாது, மைனிக்குத் தெரியாது, ரெஜிஸுக்குத் தெரியாது. நான் படுத்திருக்கிற இந்த ஒரு முழ இடத்திலிருந்து, பால் குடிக்கிற அந்த நேரத்தில் மட்டும் தெரிகிறது. இப்போது அசைகிறாள். வாயைத் தேடுகிறாள். நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது, கோணட்டும். சுரக்கிறது. வலிக்க வலிக்க, ஊசி குத்துகிறதுபோல இறங்குகிறது, மறுபக்கமும் நனைகிறது. இருக்கிறது, வற்றவில்லை. குழாய் நின்றுவிட்டது. செருப்பில்லாத காலடி, நடைவழியில், மைனிக்கு இடது கால் கொஞ்சம் இழுத்து விழும். பயமாக இருக்கிறது. அந்தக் குரல் வரும் என்று காத்திருக்கிறேன், அதுவும் என்னோடு சேர்ந்து காலடியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறதுபோல. மாமி இந்த அறைக் கதவைத் தாழ் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை பெத்தவளுக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வது. பேனாவை மூடிவைத்தேன்.

கதவு திறந்தது. மைனி கையில் பாட்டில், தோளில் துண்டு. "இன்னும் முழிச்சா கெடக்க? குடு, நான் கொண்டுபோறேன்." குடிக்கா மைனி என்றேன். "ஒங்கிட்ட எங்கட்டி இருக்கு, சும்மா சப்பிக்கிட்டுக் கெடக்கும். பால் ஆறிரும், குடு." குட்டி விழுங்குகிற சத்தம் அறையில் கேட்டது, மொடக் மொடக்கென்று, மைனிக்கும் கேட்டது. அவர்கள் கை நீண்டபடியே நின்றது. அந்தக் கையைப் பார்த்தேன், நாற்பதாம் நாள் என் கை நின்றதுபோல நின்றது, எனக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை. கோயில்ல நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லல மைனி என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, மெல்லிசாக, நேராக. மைனி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்கள். "தெரியும்" என்றார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நாலு தடவ ஆஸ்பத்திரி வாசல் வழியா வெறுங்கையோட வெளிய வந்தவ நான். அன்னைக்கு ஒரு வாசல்ல கை நெறைய வந்தேன். வாய் வரல மெற்றில்டா. இப்பவும் வரல." சொல்ல வேண்டாம் மைனி என்றேன். நீங்க தந்தாத்தான் எம்பிள்ளன்னு நின்னுக்கிட்டு இருந்தேன், இனிமே நிக்கல. எடுத்துக்கிட்டேன். திங்கக்கிழமை நீங்க மட்டும் போங்க. "அம்மாகிட்ட என்ன சொல்ல? ரெஜிஸ்கிட்ட?" நான் சொல்லிக்கிடுதேன். "நீ தூங்காமக் கெடந்து செத்துப்போவ." தூங்குவேன் மைனி, எம்பக்கத்துல கெடந்தா தூங்குவேன். போறவரைக்கும் பகல்ல நீங்க வச்சிக்கிடுங்க, குளிப்பாட்டுங்க, அந்தச் சட்டையெல்லாம் போட்டு அழகு பாருங்க. ராத்திரி எனக்கு. ஞாயித்துக்கிழமை நீங்கதான் ஞானத்தாய், அதுல மாத்தமில்ல. மைனி பாட்டிலைப் பார்த்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள்போலத் துண்டால் சுற்றினார்கள். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள், போகவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. முன்னறையிலிருந்து மாமி, "என்னட்டி அங்க சத்தம்? பிள்ளய எடுத்தியா இல்லயா?" என்றார்கள்.  பிறகு மைனி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது அவகிட்டயே கெடக்கும்மா. நீங்க படுங்க" என்றார்கள். இடது கால் இழுத்து இழுத்துப் போயிற்று. குட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். தாழ் எங்கே இருக்கிறது என்று தடவித்தான் கண்டுபிடித்தேன், கல்யாணத்துக்குப் பெயிண்ட் அடித்தவன் கதவோடு சேர்த்துப் பூசிவிட்டிருந்தான், என் கை படாத தாழ். உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன், அசையவில்லை. குட்டி பாலை விடாமல் ஒரு கண்ணைத் திறந்தாள். மறுபடியும் தள்ளினேன், பெயிண்ட் பிளந்து பாதத்தில் உதிர்ந்தது. மூன்றாவது தடவை, கிறீச்சென்று வீடு முழுக்கக் கேட்கிறமாதிரி, தாழ் ஓடிப்போய்க் குழியில் விழுந்தது.